பாசி பிடிக்காத கோட்டையை நான் நம்ப மாட்டேன்

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊர்ப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒன்பது வளைவுப் பாலத்தைக் கண்டதும் முதலில் போனை எடுப்பார்கள், அடுத்த நொடி "அட, ஹாரி பாட்டர்!" என்பார்கள். நூறு வருசமா நிற்கிற நம்ம பாலத்துக்கு வெள்ளைக்காரன் படத்துப் பேரா என்று எனக்கு எரிச்சல் வரும். அப்புறம் அந்தப் படத்தில் வரும் பாலத்தைப் பற்றித் தேடி வாசித்தேன், எரிச்சல் போய் ஒரு சொந்தம் வந்துவிட்டது. அது ஸ்கொட்லாந்தின் மேற்குப் பக்க மலையில் இருக்கும் கிளென்ஃபினன் பாலம். 1897இல் வேலை தொடங்கி 1901இல் ரயில் ஓடிய பாதை அது. 21 வளைவு, கம்பியே போடாத வெறும் கொங்கிரீட். தெமோதரைப் பக்கம் இருக்கும் நம்முடையது 1921இல் முடிந்தது, செங்கல், கருங்கல், சீமெந்து மட்டும்தான், இரும்பு கிடையாது. முதலாம் உலகப் போரால் இரும்பு கிடைக்காமல் போனதாக இங்கே எல்லோரும் சொல்வார்கள். நீளத்தில் அது 380 மீட்டர், நம்முடையது 91 மீட்டர்தான். ஆனால் உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, அது சுமார் 30, இது சுமார் 24. இரண்டும் வளைந்து போகும் பாலங்கள், அதனால்தான் ஜன்னலில் தலையை நீட்டினால் நம்ம ரயிலின் எஞ்சினை நாமே பார்க்க முடிகிறது. அந்த வளைவு இல்லை என்றால் படக்காரர்கள் அந்தப் பக்கம் எட்டியே பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, நான் எழுத வந்தது பாலத்தைப் பற்றி இல்லை. கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த மாயாஜாலப் படங்களில் எனக்குப் பிடித்த இடங்கள், செட்டுகள் பற்றி எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக ஆசை. கதையைப் பற்றியோ நடிப்பைப் பற்றியோ நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அந்தப் படங்களில் சுவர், கூரை, வேலி, பாதை, இதெல்லாம்தான் கண்ணில் படும்.

மலையில் வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மேலே பார்ப்பான். தகரம் எங்கே துருப்பிடித்திருக்கிறது, பீலி எங்கே ஒழுகுகிறது, சுவரின் அடியில் எத்தனை சாண் உயரத்துக்கு ஈரம் ஏறியிருக்கிறது, வாசலில் சேறு மிதிக்காமல் இருக்க யாராவது கல் போட்டிருக்கிறார்களா. தலவாக்கலை, ஹட்டன் பக்கம் ஆறு மாதம் மழையும் மிச்சத்தில் பாதி பனிமூட்டமுமாக இருந்தால் கண் அப்படித்தான் பழகும். அதே கண்ணோடுதான் நான் படமும் பார்க்கிறேன். மலையுச்சியில் ஒரு கோட்டை, சுற்றிலும் முகில், ஆனால் கல்லில் ஒரு பொட்டுப் பாசி இல்லை என்றால் எனக்கு அந்தக் கோட்டை மேல் நம்பிக்கை போய்விடும். மந்திரவாதி பறக்கட்டும், பல்லி பேசட்டும், அதெல்லாம் பரவாயில்லை. ஆயிரம் வருசம் மழையில் நின்ற சுவர் நேற்றுச் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தால்தான் கோபம் வருகிறது.

இதனால்தான் ஹாரி பாட்டர் படங்களில் எனக்கு மூன்றாவதுதான் ஒசத்தி. எட்டுப் படத்துக்கும் ஸ்டூவர்ட் கிரெய்க் என்ற ஒரே ஆள்தான் தயாரிப்பு வடிவமைப்பாளர், ஆனால் முதல் இரண்டு படங்களில் பள்ளிக்கூடம் ஒரு பரிசுப்பெட்டி போலப் பளபளவென்று இருக்கும். மூன்றாவது படத்துக்கு அல்ஃபோன்சோ குவாரோன் இயக்குநராக வந்தார். பள்ளிக்கூடம் அதேதான், ஆனால் நிலம் மாறிவிட்டது. அதுவரை இலண்டன் பக்கத்துத் தட்டை நிலத்தில் இருந்த, பள்ளிக்கூடத்து வனக்காவலன் ஹாக்ரிட்டின் குடிசையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்கொட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் ஒரு சரிவில் வைத்தார்கள். அங்கே மழை என்றால் நம்ம ஊர் மழை. படப்பிடிப்பு முழுக்க அவர்களை மழை பாடாய்ப்படுத்தியிருக்கிறது, திரையில் அது அப்படியே தெரிகிறது. பூசணித் தோட்டத்து மண் கறுத்துப் போயிருக்கிறது, குடிசைக்குப் போகும் படிகள் வழுக்கும் என்று பார்க்கும்போதே தெரிகிறது, பின்னால் இருக்கும் மலை பாதி முகிலுக்குள்.

சரிவு என்பது பெரிய விசயம். தட்டை நிலத்தில் இரண்டு வீட்டுக்கு இடையில் உள்ள தூரம் வெறும் தூரம்தான். சரிவில் அப்படி இல்லை, மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, தோட்டத்துரையின் பங்களா எங்கே இருக்கும், தொழிலாளர்களின் லயம் எங்கே இருக்கும் என்று பார்த்தாலே போதும். அந்தப் படத்தில் பள்ளிக்கூடம் மேலே, வனக்காவலனின் குடிசை கீழே, இடையில் ஒரு கோணல்மாணல் மரப்பாலமும் இறக்கமும். அந்த மரப்பாலமும் பெரிய மணிக்கூண்டு முற்றமும் அந்தப் படத்தில்தான் புதிதாக வந்தன. கீழே இருக்கிற ஆளுக்கு மேலே என்ன மரியாதை என்பதை வசனமே இல்லாமல் அந்த இறக்கம் சொல்லிவிடுகிறது.

உள்ளே போட்ட செட்டுகளையும் குறை சொல்ல முடியாது. லீவ்ஸ்டன் ஸ்டூடியோவில் போட்ட அந்தச் சாப்பாட்டு மண்டபத்தின் தரை நிஜமான யோர்க் கல். செட்டுக்கு எதற்கு நிஜக் கல் என்று கேட்கலாம். பத்து வருசம் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதன் மேல் ஓடியிருக்கிறார்கள், பிளைவுட்டில் கல் மாதிரி பெயின்ட் அடித்திருந்தால் முதல் வருசமே பல்லிளித்திருக்கும். மிதக்கும் மெழுகுதிரியை முதலில் நிஜமாகவே கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். சூட்டில் கம்பி அறுந்து திரி கீழே விழ ஆரம்பித்ததும்தான் கணினிக்குப் போனார்கள். தலைமையாசிரியரின் அறையில் அடுக்கியிருக்கும் தடித்தடிப் புத்தகங்களில் நிறைய வெறும் டெலிபோன் டைரக்டரிகள், மேலே தோல் அட்டை போட்டிருக்கிறார்கள். அது தெரிந்த பிறகு அந்தக் காட்சி வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

அடுத்து ஹாபிட்டன். பீட்டர் ஜாக்சன் எடுத்த 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' படங்களில் குட்டை மனிதர்கள் வாழும் ஊர். நியூசிலாந்தில் மாட்டமாட்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆட்டுப் பண்ணை. 1998இல் ஆகாயத்திலிருந்து இடம் தேடியபோது கண்ணில் பட்டதாம். அடுத்த வருசம் நியூசிலாந்து இராணுவம் வந்து பாதை வெட்டிக் கொடுத்திருக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். படம் எடுப்பதற்கு ஒரு வருசம் முன்பாகவே செடி, வேலி, காய்கறித் தோட்டம் எல்லாவற்றையும் நட்டுவிட்டு வளர விட்டார்கள். பூந்தொட்டியை லொறியில் கொண்டுவந்து இறக்கி ஷூட்டிங் முடிந்ததும் ஏற்றிக்கொண்டு போகிற கதை இல்லை. செடி ஒரு மழைக்காலத்தையும் ஒரு வெயில் காலத்தையும் அங்கேயே பார்த்திருக்கிறது. துணி காயப்போடும் கொடிக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில் புல் தேய்ந்து ஒற்றையடிப் பாதை விழ வேண்டும் என்பதற்காகவே தினமும் ஆள் நடக்க விட்டார்கள் என்று அங்கே சுற்றிக் காட்டுகிறவர்கள் சொல்கிறார்கள். படத்தில் அந்தப் பாதை ஒரு நொடிகூடத் தெரியுமோ என்னவோ! இன்னொரு கதையும் சொல்வார்கள். டோல்கீனின் புத்தகத்தில் பிள்ளைகள் ப்ளம்ஸ் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ப்ளம்ஸ் மரம் அந்தக் குட்டை ஊருக்கு ரொம்ப உயரமாகிவிடும் என்பதால் ஆப்பிளும் பேரிக்காயும் நட்டு, அதன் இலையையும் காயையும் ஆய்ந்துவிட்டுப் பொய் இலை, பொய்ப் பழம் கட்டினார்களாம்.

அந்த ஊர்க் குட்டை மனிதன் பில்போவின் வீட்டுக்கு மேலே ஒரு பெரிய ஓக் மரம் நிற்குமே, அதுவும் ஒரு கதைதான். முதல் மூன்று படங்களுக்கு நிஜமான ஓக் ஒன்றை வெட்டித் துண்டு துண்டாகக் கொண்டுவந்து மேட்டில் மறுபடி பொருத்தி, தாய்வானில் செய்த துணி இலைகளைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பிறகு 'ஹாபிட்' படங்களுக்கு ஊரையே நிரந்தரமான பொருட்களால் திருப்பிக் கட்டியபோது மரத்தையும் இரும்பிலும் சிலிக்கனிலும் செய்துவிட்டார்கள், சுமார் 2 இலட்சம் இலை. ஷூட்டிங்குக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஜாக்சன் வந்து பார்த்துவிட்டு இலையின் நிறம் சரியில்லை என்று சொல்ல, ஆளை விட்டு ஒவ்வோர் இலைக்கும் திரும்ப நிறம் அடிக்க வைத்திருக்கிறார்கள். ஏணியில் ஏறி நின்று இலைக்குப் பெயின்ட் அடித்த அந்த ஆளுக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.

இந்தப் படத்தை ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். கதை அவருக்குப் பெரிதாக ஏறவில்லை, மோதிரத்துக்கு எதற்கு இவ்வளவு சண்டை என்ற அளவில்தான் இருந்தார். ஆனால் அந்த ஊர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வட்டக் கதவையோ புகைக்கூண்டையோ அவர் பார்க்கவில்லை.

"ஏன்டா, இவ்வளவு புல்லையும் யாரு வெட்டுறது? வேலியெல்லாம் கத்திரிச்சி வச்சிருக்கு. வேலைக்காரங்க ஒருத்தரையும் காணோமே?"

"அது கதைம்மா. அவங்க அவங்க தோட்டத்த அவங்களே பாத்துக்குவாங்க."

"பாத்துக்குவாங்க, பாத்துக்குவாங்க. காலையில எந்திரிச்சதுலேர்ந்து சாப்பிட்டுக்கிட்டுல்ல இருக்கானுங்க."

அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. ஒரு விசயம் அம்மாவுக்குச் சாதகமாகச் சொல்லலாம், அந்தக் கதையில் கடைசிவரை கூடப் போகிற சாம் ஒரு தோட்டக்காரன்தான்.

அம்மா கேட்டது சும்மா இல்லை. எங்கள் மலை முழுக்கவே ஒரு வகையில் செட்தான். காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரையில் தேயிலை போட்டார், பிறகு கோப்பியை நோய் அடிக்க, மலை மலையாகத் தேயிலை ஏறியது. இன்றைக்கு வருகிறவர்கள் "பச்சைக் கம்பளம்" என்று எழுதுகிறார்கள். தேயிலையை அதன் பாட்டுக்கு விட்டால் அது மரமாகிவிடும். இடுப்பு உயரத்தில் தட்டையாக நிற்கிறது என்றால் கவ்வாத்து வெட்டி, கொழுந்து எடுத்து, திரும்ப வெட்டி, நூற்றைம்பது வருசமாக யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நுவரெலியாவில் சிவப்புச் செங்கல் தபால் கந்தோர், ஹில் கிளப், கொல்ஃப் மைதானம், தேசாதிபதி கிரகரி 1873இல் உண்டாக்கிய ஏரி, எல்லாம் ஊர் ஞாபகம் வந்த வெள்ளைக்காரர்கள் போட்ட செட். கலை இயக்குநர் அவர்கள், கூலி எங்கள் ஆட்கள். அதனால் ஒரு மாயாஜாலப் படத்தில் அழகான பச்சை ஊரைக் காட்டினால், அதில் வேலை செய்கிற கை எங்கே என்று நான் தேடுவது தப்பில்லை என்று நினைக்கிறேன். ஹாபிட்டன் அந்தச் சோதனையில் பாதி தேறுகிறது. கொடியில் துணி தொங்குகிறது, விறகு அடுக்கியிருக்கிறது, கோடாலி மரக்கட்டையில் குத்தி நிற்கிறது, தள்ளுவண்டியில் பூசணிக்காய். ஆளைக் காணோம் என்றாலும் ஆள் செய்த வேலை கண்ணுக்குத் தெரிகிறது.

அதே படங்களில் எனக்கு ஹாபிட்டனைவிடப் பிடித்தது எடோராஸ். குதிரைக்கார ராஜாவின் ஊர். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ரங்கிடாட்டா பள்ளத்தாக்கில் மவுண்ட் சண்டே என்று ஒரு பாறைக் குன்று தனியாக நிற்கிறது, சுற்றிலும் ஆற்றுப் படுகை, அதற்கப்பால் பனி மலை. அந்தக் குன்றின் மேல் மரமண்டபம், வைக்கோல் கூரை, வாசல், வேலி என்று சுமார் 11 மாதம் கட்டினார்கள். அங்கே அடிக்கிற காற்று சாதாரணக் காற்று இல்லை, நடிகர்களின் தலைமுடியையும் கொடியையும் பாருங்கள், காற்றாடி வைத்து அப்படி எடுக்க முடியாது. ஹோட்டன் சமவெளியில் புல்வெளியில் நின்றிருக்கிறவர்களுக்கு அந்தக் காற்று தெரியும். பேசினால் வார்த்தை வாயிலிருந்து வந்த உடனேயே போய்விடும். தூரத்திலிருந்து பார்த்தால் மண்டபத்தின் கூரை ஓரத்தில் செதுக்கிய குதிரைத் தலைகள் மட்டும்தான் தெரியும், பக்கத்தில் போனால் மரத்தூணில் பொன்நிற வேலைப்பாடு, அதில் பாதி உரிந்து போயிருக்கிறது. ஒரு காலத்தில் நன்றாக இருந்து இப்போது நொடித்துப்போன ராஜா என்பதை அந்த உரிந்த பொன் ஒன்றே சொல்லிவிடும். படம் முடிந்ததும் செட் முழுவதையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அங்கே போனால் வெறும் குன்றுதான். ஆனாலும் சனம் போய் அந்த வெறும் குன்றில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வருகிறது!

இதற்கெல்லாம் பின்னால் கிரான்ட் மேஜர் என்ற வடிவமைப்பாளரும், அலன் லீ, ஜோன் ஹவ் என்ற இரண்டு ஓவியர்களும் இருந்தார்கள். அந்த ஓவியர்கள் இருவரும் படத்துக்கு முன்பே டோல்கீன் புத்தகங்களுக்குப் பல வருசம் படம் வரைந்தவர்கள். அதனால் அந்த உலகம் அவர்கள் கைக்குப் பழகிப்போன உலகம். மினாஸ் திரித் என்ற வெள்ளைக் கல் நகரத்தைக் கணினியில் மட்டும் செய்யாமல் 72இல் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியாகக் கட்டினார்கள். அப்படியும் அது ஒரு மாடி வீட்டை விட உயரம். மாதிரி என்றால் சின்னப் பொருள் என்று நினைத்திருந்தவர்கள் அதைப் பார்த்து மிரண்டுபோனார்கள்.

மாதிரி ஊர் என்றதும் நம்ம ஆட்களை விட்டுவிட முடியாது. 1957இல் வந்த 'மாயா பஜார்'. மகாபாரதத்துக் கிளைக்கதை, தெலுங்கிலும் தமிழிலும் எடுத்தார்கள், கே. வி. ரெட்டி இயக்கம், கலை கோகலே, கலாதர். துவாரகை நகரத்தைக் காட்ட சென்னையில் ஸ்டூடியோவுக்குள் சுமார் 50 அடிக்கு 60 அடி இடத்தில் 300 குட்டி வீடு கட்டி ஒவ்வொன்றுக்கும் மின்விளக்குப் போட்டார்கள். கணினி என்ற பேச்சே இல்லாத காலம். 'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டில் வரும் அந்த நிலா வெளிச்சம் மார்க்கஸ் பார்ட்லி என்ற ஒளிப்பதிவாளரின் கைவேலை. கறுப்பு வெள்ளையில் தண்ணீர் மேல் நிலா மினுங்குவதைப் பார்த்துவிட்டு இன்றைக்கு வரும் கலர்ப் படங்களைப் பார்த்தால் எனக்கு இன்றைய நிலா கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. 'கல்யாண சமையல் சாதம்' காட்சியில் ரங்காராவ் முன்னால் அடுக்கியிருக்கும் தாம்பாளங்களையும் அண்டாக்களையும் பாருங்கள். கடோத்கஜன் மட்டும் பெரிய ஆள் இல்லை, பாத்திரமே பெரிய பாத்திரம். ஒரு ராட்சசனை நம்ப வைக்க அவன் பக்கத்தில் என்ன வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் பக்கத்தில் வந்தால், மாசி மாதத்தில் தோட்டத்தில் நடக்கும் காமன் கூத்து. அதற்கு ஸ்டூடியோ கிடையாது. கம்பம் ஊன்றிய இடம்தான் மேடை, லயத்து வாசல்தான் தேவலோகம். ரதியும் மன்மதனும் சாயம் பூசிக் காகிதப் பூ ஒட்டிய கிரீடத்தோடு வீடு வீடாக வருவார்கள், தப்புச் சத்தம் பக்கத்து மலைக்குக் கேட்கும். பகலில் மரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்த அண்ணன் இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் நெற்றிக்கண்ணோடு வந்து நின்றால் சின்னப் பிள்ளைகள் நிஜமாகவே ஓடிப்போய்த் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள். அந்தக் கிரீடம் அட்டை என்பது எங்களுக்குத் தெரியும், அதை ஒட்டும்போது பசை கிண்டிக் கொடுத்ததே நாங்கள்தான், ஆனாலும் பயம் பயம்தான். பனிமூட்டம் இறங்கி, வெளிச்சம் தேவையான இடத்தில் மட்டும் விழுந்து, மிச்சத்தை இருட்டு பார்த்துக்கொண்டால் அட்டையும் பொன்னாகிவிடுகிறது. கோடிக்கணக்கில் கொட்டி எடுக்கும் சில படங்களில் இதுதான் இல்லை, எல்லா மூலையிலும் வெளிச்சம் போட்டுக் காட்டிவிடுகிறார்கள். 'ஹாபிட்' படங்களில் நிறைய இடம் எனக்கு அப்படித்தான் பட்டது. முதல் மூன்று படத்தில் இருந்த அழுக்கு எங்கேயோ போய்விட்டது.

பனி என்று வந்ததால் நார்னியா. 2005 படம். அலுமாரிக்குள் நுழைந்த சின்னப் பெண் பின்பக்கமாகப் பனிக்காட்டுக்குள் வந்து விழும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அது நியூசிலாந்தில் ஸ்டூடியோவுக்குள் போட்ட காடு. லூசியாக நடித்த பிள்ளைக்கு அந்த செட்டை முன்கூட்டியே காட்டாமல், கண்ணைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய் விட்டு நேராகப் படம் பிடித்தார்கள். அந்த முகத்தில் இருக்கும் வியப்பு நடிப்பு இல்லை. நடுக்காட்டில் தனியாக ஒரு விளக்குக் கம்பம், அவ்வளவுதான், ஒரு முழு உலகத்துக்கும் அந்த ஒரு கம்பம் போதுமாக இருக்கிறது. எங்களுக்கு அலுமாரி தேவையில்லை, பட்டிப்பொலைச் சுரங்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் மழையும் குளிரும், ரயில் இருட்டுக்குள் போய் ஓஹியாப் பக்கம் வெளியே வந்தால் சில நாள் பளிச்சென்று வெயில். பருவமழை மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் கொட்டுவதால் வரும் விளைவுதான். காரணம் தெரிந்தும் ஒவ்வொரு முறையும் பெட்டியில் இருக்கிறவர்கள் "ஆ" என்பார்கள்.

1939இல் வந்த 'விசார்ட் ஆஃப் ஓஸ்' படத்திலும் பனி விழும் காட்சி உண்டு, சிவப்புப் பூத் தோட்டத்தில் தூங்கிப்போனவர்கள் மேல் வெள்ளையாகக் கொட்டும். அது அஸ்பெஸ்டஸ். அந்தக் காலத்தில் அதன் ஆபத்து பெரிதாகப் பேசப்படாததால் படங்களிலும் கடைகளிலும் பனி என்று அதைத்தான் தூவியிருக்கிறார்கள். இதை வாசித்த அன்று நான் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தேன். எங்கள் கூரையும் அஸ்பெஸ்டஸ் சீட்தான், நாட்டில் நிறையக் கூரை அதுதான். இதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே வேண்டாம்.

2016இல் வந்த 'ஜங்கிள் புக்' எனக்குச் சங்கடமான படம். அந்தக் காடு அநேகமாக நிஜமே இல்லை, பெரும்பாலும் லொஸ் ஏஞ்சல்ஸில் நீலத்திரைக்கு முன்னால் எடுத்து கணினியில் வளர்த்தது. இவ்வளவு நேரம் ஈரம், பாசி, நிஜக் கல் என்று பேசிவிட்டு இதை எனக்குப் பிடிக்கும் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் பிடிக்கும். மழை வரும்போது அந்தச் சேறு சேறு மாதிரியே இருக்கிறது, யாரோ ஒருத்தர் நாற்காலியில் உட்கார்ந்து ஈரத்தைப் பற்றி ரொம்ப நாள் யோசித்திருக்கிறார். வேலை செய்த கை தெரிய வேண்டும் என்று சொன்னேன் அல்லவா, அந்தக் கை மவுசைப் பிடித்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.

நம்ம மலையிலேயே எடுத்த பெரிய கற்பனைப் படம் என்றால் இந்தியானா ஜோன்ஸ் வரிசையில் 1984இல் வந்ததுதான். புத்தகத்திலிருந்து வந்த கதை இல்லை, அதனால் இந்தப் பட்டியலில் சேராது. கதை நடப்பது இந்தியாவில், அங்கே அனுமதி சிக்கலானதால் கண்டிக்கு வந்தார்கள். அந்தத் தொங்கு பாலத்தை, விக்டோரியா அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த பொறியியலாளர்களைக் கொண்டு அணைக்குப் பக்கத்திலேயே நிஜமாகக் கட்டி, கடைசியில் நிஜமாகவே அறுத்துவிட்டார்கள். திரும்ப எடுக்க இரண்டாவது பாலம் இல்லை. படத்தில் எங்கள் மண்ணை என்னவெல்லாமோ சாப்பிடுகிற நாடாகக் காட்டியதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் பாலத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி யாராவது மாயாஜாலக் கதை எடுக்க இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் என்னுடைய யோசனை இதுதான். தை, மாசியில் வராதீர்கள், அப்போது ஹட்டன் பக்கம் வானம் நீலமாக இருக்கும், விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும். ஆனி, ஆடியில் வாருங்கள். நானுஓயாவிலிருந்து கிரேட் வெஸ்டர்ன் மலை அடிவாரத்துக்குப் போங்கள், ஹோட்டன் சமவெளியில் குட்டையாய் முறுக்கிக்கொண்டு நிற்கும் பாசி மரங்களுக்குள் கமெராவை வையுங்கள், மூடிப்போன பழைய ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலை, ஏதாவது ஒன்றில் ராஜாவைக் குடியேற்றுங்கள், தகரத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம், துருவை அப்படியே விடுங்கள். லயத்துக்குள் எடுப்பதானால் முதலில் அங்கே இருக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்கள் நாள் சம்பளத்தையும் பேசிவிட்டு எடுங்கள். குடை கொண்டு வந்து பிரயோசனம் இல்லை, காற்று மடக்கிவிடும், மழைக்கோட்டு நல்லது. காலுக்கு உப்போ சவர்க்காரமோ தேய்த்துக்கொண்டு இறங்குங்கள், அட்டைக்கு ஹீரோ, லைட்பாய் என்ற வித்தியாசம் எல்லாம் கிடையாது.